நிழல்வலைக் கொழுந்து

டிசம்பர் 9

அம்மா இன்று காலை பஸ்ஸில் கரூர் போய்விட்டாள். அண்ணிக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. அண்ணன் தனியாக என்ன செய்வான், போகாமல் இருக்க முடியாது. பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். தலைக்குத் துணி கட்டு, காதில் பஞ்சு வை, ராத்திரியில் குழந்தையைக் கண்ணாடி முன்னால் காட்டாதே. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பயப்படாத கண்ணு. புள்ள பெத்தவ பயப்படலாமா?" என்றாள்.

படலாமா, கூடாதா என்று தெரியவில்லை. பட்டுக்கொண்டிருக்கிறேன்.

இனி பகலெல்லாம் நானும் தாரகையும் மட்டும்தான். இவர் ஃபேக்டரியில் இருப்பார். எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் ஃபேக்டரிக்கும் நடுவே ஒரு வேலிதான். ஆனால் மிஷின் ஓடும்போது தொண்டை கிழியக் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது. என் யோகராஜ் அங்கே டீ மேக்கர். இலை எவ்வளவு நேரம் ஆவியில் இருக்க வேண்டும், எப்போது உலர வேண்டும் என்பதையெல்லாம் மூக்காலேயே முடிவு செய்கிறவர். வீட்டுக்கு வந்தாலும் அந்த மூக்கு ஓய்வதில்லை. குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்துவிட்டு, "ஃபர்ஸ்ட் கிரேடு!" என்பார்.

கோத்தகிரியில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது.

குழந்தை தூங்கும்போது மூக்கின் கீழே புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறது. இந்த மூச்சு வந்ததால் அடுத்ததும் வரும் என்று என்ன உறுதி? மறுபடியும் கையை வைக்கிறேன்.

எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியில் லேப் நோட்டு எழுதிய பழக்கம். எழுதினால் கொஞ்சம் அடங்கும் என்று எழுதுகிறேன். இந்த நேரத்தில் நானும் தூங்கலாம்தான். நான் தூங்கினால் இவளை யார் பார்ப்பது?


டிசம்பர் 11

ஒரு வழி கிடைத்திருக்கிறது.

பால் கொடுத்தபடியே போனில் தேடினேன். தேயிலையில் மட்டுமே பெரும்பாலும் இருக்கும் ஓர் அமினோ அமிலம்: எல்-தியனின். கல்லூரியில் இருபது அமினோ அமிலங்களை மனப்பாடம் செய்தோமே, அந்தப் பட்டியலில் வராதது. புரதம் எதிலும் சேராமல் தனியாக இலையில் கிடப்பது. குடித்தால் மூளைக்குள் போகிறது; விழித்திருந்தபடியே ஓய்வாக இருக்கும்போது வரும் ஆல்ஃபா அலைகள் கூடுகின்றன. தூக்கம் வராது, பதற்றம் மட்டும் குறையும். எனக்கு வேண்டியது இதேதான். நான் தூங்கக் கூடாது. ஆனால் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவும் கூடாது.

ஆய்வுகளெல்லாம் சிறியவை. ஒன்றில் முப்பது பேர், இன்னொன்றில் அதற்கும் குறைவு. பரவாயில்லை. மாத்திரையாகவும் விற்கிறார்கள். டப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன்: கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்க்கவும், போதுமான தரவு இல்லை. உடனே மூடிவிட்டேன். மாத்திரை வேண்டாம். இலை இருக்கிறது. இலை யாரை என்ன செய்யும்?

அதுவும் என்ன இலை! வெளிநாட்டு ஆர்டர் ஒன்றுக்காக இந்த வருஷம் மேல்காட்டில் செடிகளுக்கு மேலே கறுப்பு நிழல்வலை கட்டியிருக்கிறார்கள். பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வெயில் படாமல் மூடிவைத்தால் கொழுந்தில் தியனின் தங்கிவிடும். வெயில் பட்டால் அது கசப்பாக மாறிவிடும். இவர் சாம்பிள் டின் ஒன்றை வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். திறந்தால் கடல்பாசி வாசம்.

கணக்குப் போட்டேன். ஆய்வில் கொடுத்தது இருநூறு மில்லிகிராம். நல்ல இலையில் ஒரு கோப்பைக்கு இருபது என்று வைத்துக்கொண்டால் பத்துக் கோப்பை. வெந்நீர்தானே, குடித்துவிடலாம்.

கேஃபீன் இருக்கிறது, தெரியும். ஆனால் கேஃபீனின் முரட்டுத்தனத்தைத் தியனின் தணித்துவிடும் என்றும் படித்தேன். இரண்டும் ஒரே இலையில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும்.


டிசம்பர் 12

முதல் நாள். நெஞ்சு லேசாக இருந்தது போலத்தான் இருக்கிறது.


டிசம்பர் 15

தமயந்தி வந்தாள். இவருடைய தங்கை, என் வயதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டூரிஸ்ட்டுகளுக்கு டீத்தூளும் தைலமும் விற்கும் கடையில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் நேராக இங்கே வந்துவிடுவாள். வந்ததும் அடுப்படியைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, வீட்டுல டீ பார்ட்டியா? இத்தனை கப்பு கெடக்கு!" என்றாள்.

"எல்லாம் நான் குடிச்சதுதான் தமா. இதுல தியனின்னு ஒரு சத்து இருக்கு. மனசை அமைதியாக்கும்."

"தியானமா?"

"தியனின்."

"நல்லாருக்கே! இனிமே டூரிஸ்ட்டுகிட்ட இதையே எடுத்து விட்டுடறேன். இதுவரைக்கும் தொப்பை குறையும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒருத்தராவது திரும்பி வந்து வயித்தைக் காட்டணுமே? ம்ஹூம்."

சிரித்தேன். சிரித்து நாளாகிவிட்டது என்று சிரிக்கும்போதுதான் தெரிந்தது.

கெட்டிலைப் போடுமுன் குழந்தையை அவள் மடியில் கொடுத்தேன். "தூங்குறவளை எதுக்கு எடுக்குறீங்க? தொட்டில்லயே கெடக்கட்டும்" என்றாள். இல்லை, வைத்துக்கொள் என்றேன். கொதித்த நீரை நேராக ஊற்றினால் இலை வெந்து கசந்துவிடும்; ஆவி அடங்கும்வரை பொறுக்க வேண்டும். இது இவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். கெட்டில் முன்னால் சும்மா நிற்கும் அந்த நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று எழுதப்போவதில்லை.

தமயந்தி குழந்தையை ஆட்டிக்கொண்டே ஒரு கதை சொன்னாள். கடையில் கூட வேலை செய்யும் பெண்ணின் அக்கா. பிள்ளை பெற்றதும் புத்தி தடுமாறிவிட்டதாம். ஏதேதோ பேசினாளாம். "மாமியார்காரி பிள்ளையை வாங்கி வச்சுக்கிட்டு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டா அண்ணி. ஒரு வருஷம் ஆச்சு. கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்களாம். அதுவும் சரிதானே, எந்த நேரத்துல என்ன பண்ணுவாளோ!"

நான் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரிதான்" என்றேன்.


டிசம்பர் 17

குழந்தை தூங்கவில்லை. நேற்றும் இல்லை. கண்ணை மூடினால் கைகள் இரண்டும் தூக்கிப்போட விழித்துக்கொள்கிறாள். வயிற்றுவலியா, பால் பத்தவில்லையா, குளிரா? அம்மாவிடம் கேட்டால், "கண்ணு பட்டுருக்கும் சாமி. மொளகா சுத்திப் போடு" என்கிறாள். சுத்திப் போட்டேன். பயோகெமிஸ்ட்ரி படித்த கையால்தான்.

இவள் அழ அழ எனக்குப் பதற்றம் கூடுகிறது. ஒரு கோப்பைக்கு இரண்டு ஸ்பூன் இலை போட ஆரம்பித்திருக்கிறேன்.


டிசம்பர் 18

இன்று கெட்டில் முன்னால் நின்றபோது அது மறுபடி வந்தது. எழுத மாட்டேன். எழுதினால் நிஜமாகிவிடும்.


டிசம்பர் 21

மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொள்ள வேண்டுமென்றே செய்கிறேனோ என்னவோ.

இப்போதெல்லாம் கெட்டிலைப் போடும்போது தாரகையை உள்ளறைத் தொட்டிலில் விட்டுவிட்டு வெளிப்பக்கம் தாழ் போட்டுவிடுகிறேன். அவள் உள்ளே கத்துகிறாள். நீர் கொதித்து, ஆவி அடங்கி, இலை ஊறி, வடிகட்டி, கெட்டிலில் மிச்சமிருப்பதைத் தொட்டியில் கொட்டி, கெட்டில் ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் தாழை எடுக்கிறேன். ஒரு நாளில் பலமுறை. பயம் போவதற்காகத் தேநீர்; தேநீருக்காக வெந்நீர்; வெந்நீரால் தாழ். எழுதிப் பார்த்தால் எனக்கே கோணலாகத் தெரிகிறது. ஆனால் நிறுத்திவிட்டால் பயம் இதைவிடக் கூடிவிட்டால்?

இன்று மதியம் ஃபேக்டரியில் ஏதோ ரிப்பேர். இவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். உள்ளே அழுகை, வெளியே தாழ், அடுப்படியில் நான்.

"என்ன சிந்து இது? வெளியில தாழ் போட்டிருக்க?"

"பூனைங்க."

"பூனையா?"

"குழந்தைகிட்ட போயிடுச்சுன்னா? பால் வாசத்துக்கு வரும்னு அம்மா சொன்னாங்க."

"இந்தக் குளிர்ல எந்தப் பூனை வருது? எட்டு வருஷமா இந்தக் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன், ஒரு வாலைக்கூடப் பார்த்ததில்ல."

"நீங்க வீட்டுல இருந்தாத்தானே பார்க்கிறதுக்கு?"

அவர் தாழை எடுத்து உள்ளே போனார். குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். விக்கல் எடுக்கும்வரை அழுதிருந்தாள். கழுத்து வியர்த்திருந்தது, இந்தக் குளிரிலும். என்னை ஒருமுறை பார்த்தார், கோப்பைகளை ஒருமுறை பார்த்தார். சாயங்காலம் வரும்போது ஜன்னலுக்குக் கம்பிவலை வாங்கி வந்து அடித்துக் கொடுத்தார். பூனைக்காக.

சுத்தியல் ஒவ்வொருமுறை விழும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.


டிசம்பர் 23

குளிப்பாட்டுவதை நிறுத்திவிட்டேன். துணியால் துடைத்துவிடுகிறேன். குளிர் அதிகம், சளி பிடிக்கும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மைதான். சளி பிடிக்கும்.


டிசம்பர் 26

நேற்றெல்லாம் கத்தினாள். இன்று காலை பால் குடிக்கும்போது கால் நடுங்கியது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது. வலிப்பு என்றே நினைத்தேன். இவர் ஃபேக்டரி ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார். தமயந்தியும் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

குழந்தை டாக்டர் சின்னப் பெண். அவருக்கே ஜலதோஷம், மாஸ்க்குக்குள் தும்மிக்கொண்டே பார்த்தார். எடை போட்டார். காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை என்றார். "பால் நல்லாத்தான் குடிக்கறா. தூக்கம்தான் இல்ல. நெஞ்சு கொஞ்சம் வேகமா அடிக்குது. அம்மா என்ன சாப்பிடறீங்க? காபி, டீ எவ்வளவு குடிப்பீங்க?"

"காபி, டீ ரெண்டுமே இல்ல டாக்டர்."

தமயந்தி பின்னாலிருந்து, "அண்ணி, அந்தப் பச்சைத் தண்ணி?" என்றாள்.

"அது க்ரீன் டீ டாக்டர். தியனினுக்காக."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "எவ்வளவு?"

சொன்னேன். ஒரு கோப்பைக்கு எத்தனை ஸ்பூன் என்பதையும் சொன்னேன். இவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "எந்த இலை? அந்த சாம்பிள் டின்னா? நிழல்வலை போட்டா தியனின் மட்டுமா கூடும் சிந்து? கேஃபீனும் சேர்ந்துதான் கூடும்."

"அதை இது தணிச்சிடும்னு..."

"உங்களுக்கு ஓரளவு தணிக்கலாம்" என்றார் டாக்டர். "பாப்பாவுக்குப் பால்ல போறது கேஃபீன். நம்ம உடம்புல அது சில மணி நேரத்துல போயிடும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குப் போக நாள்கணக்காகும். அது போறதுக்குள்ள நீங்க அடுத்தது குடிச்சிடறீங்க. உள்ள சேர்ந்துக்கிட்டே போகுது. நிறுத்துங்க, தன்னால சரியாயிடும். பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல."

தமயந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நான் வேற இதைச் சொல்லியே நாலு பாக்கெட் வித்துட்டேனே!" டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பிள்ளைக்கு நானே ஊட்டியிருக்கிறேன். அழ வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது: நிம்மதி. வெட்கமில்லாத நிம்மதி. என் நடுக்கம், என் நெஞ்சுப் படபடப்பு, கெட்டில் முன்னால் வரும் அது, எல்லாமே கேஃபீன்! ஒரு மூலக்கூறு. ரத்தத்திலிருந்து போய்விடும். நான் கெட்டவள் இல்லை.

கிளம்பும்போது டாக்டர், "உங்களுக்கு எப்படி இருக்கு? அழுகை வருதா? பயமா இருக்கா? வேண்டாத நினைப்பு ஏதாவது?" என்று கேட்டார். என் கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டர். நல்லா இருக்கேன்."


டிசம்பர் 27

தலை வெடிக்கிறது. நிறுத்தியதால் வரும் வலிதான், தெரியும். இவர் டின்னை ஃபேக்டரிக்கே எடுத்துப் போய்விட்டார். "கொண்டாந்து வச்சது நான்தானே" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.


டிசம்பர் 31

தாரகை தூங்கினாள். சாதாரணத் தூக்கம் இல்லை, வாயைத் திறந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு. பிறகு எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதுதான் முதல் சிரிப்பு. அம்மாவுக்குப் போனில் காட்டினேன். இவர் வீட்டுக்கு வந்ததும் உச்சந்தலையை முகர்ந்து, "கிரேடு ஏறிடுச்சு!" என்றார். தமயந்தி கேக் வாங்கி வந்தாள். எல்லோரும் இருந்தார்கள். நான் அவர்கள் நடுவில் இருந்தேன்.

தமயந்திக்கு ஹார்லிக்ஸ் போடலாம் என்று கெட்டிலை அழுத்தினேன். குழந்தை என் தோளில் இருந்தாள். நான் மறந்தே போயிருந்தேன்.

வந்தது.

அதே மாதிரி. முன்னைவிடத் தெளிவாக.

குழந்தையைத் தமயந்தியின் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் ரத்தத்தில் இப்போது தேநீர் ஒரு துளிகூட இல்லை. இத்தனை நாளில் எல்லாம் போயிருக்கும். அப்படியானால் இது எங்கிருந்து வருகிறது? மிச்சமிருப்பது நான் மட்டும்தானே?


ஜனவரி 2

சொன்னால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாவிட்டால்?


ஜனவரி 5

முடிவு செய்துவிட்டேன். தாரகை கரூருக்குப் போகட்டும். அங்கே பனி இல்லை. அம்மா இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான். பால் பவுடர் கொடுக்கலாம், எத்தனையோ குழந்தைகள் குடிக்கின்றன. பிறர் வந்து பிடுங்கிப் போவதைவிட நானே அனுப்பிவிடுவது மேல். அப்போதாவது நான் அவளுடைய அம்மாவாகவே இருப்பேன், தூரத்தில்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "புள்ளைய மட்டும் அனுப்புறியா? நீயும் கூட வா கண்ணு."

"எனக்கு இங்க வேலை இருக்கும்மா."

"என்ன வேலை?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

இவரிடம் பனியைக் காரணம் சொன்னேன். "பால் குடிக்கிற பிள்ளையை எப்படி சிந்து?" என்றார். பிறகு, "உனக்கு ரெஸ்ட் வேணும்னா சொல்லு. நான் லீவு போடறேன்" என்றார். பனிதான் காரணம் என்று திரும்பவும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கார் பேசியிருக்கிறார். அவரும் தமயந்தியும் கொண்டுபோய் விடுவார்கள்.

இதை எழுதும்போது அவள் பக்கத்தில் தூங்குகிறாள். புறங்கையை வைத்துப் பார்த்தேன். கரூரில் யார் வைத்துப் பார்ப்பார்கள்?


ஜனவரி 10

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இனி எழுதாமல் விடுவதற்கு ஒன்றுமில்லை.

பகல் வெளிச்சம் இருக்கும்போதே தமயந்தி துணி அடுக்க வந்தாள். கம்பளித் தொப்பி, காலுறை, வசம்பு வளையல், மருந்து கொடுக்கும் பாலாடை என்று ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது என்னை ஒரு பார்வை. நான் அடுப்படி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பால்களில் ஒன்று.

"பாலாடையை வெந்நீர்ல ஒரு அலசு அலசிடறேன்" என்று சொல்லிக்கொண்டே கெட்டிலை அழுத்திவிட்டாள்.

இரைச்சல் ஆரம்பித்தது.

"தமா, குழந்தையை வாங்கிக்கோ."

"ஒரு நிமிஷம் அண்ணி."

"வாங்கிக்கோன்னு சொல்றேன்ல."

"பால் குடிக்கிறாளே அண்ணி, நான் எதை வாங்குறது..."

"வாங்குடி!"

அவளை நான் ஒருநாளும் 'டி' போட்டதில்லை. ஓடி வந்து பிடுங்குவது போல வாங்கினாள். தாரகை வீறிட்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"என்னாச்சு? சுட்டுடுச்சா?"

"சுட்டுடும்."

"எப்படிச் சுடும்? கெட்டில் அந்தக் கோடியில இருக்கு!"

"நான் ஊத்திடுவேன்."

கெட்டில் டக்கென்று அணைந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் குழந்தையின் அழுகையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

சொன்னேன். கையில் கெட்டில் இருக்கும், தோளில் அவள் இருப்பாள், என் கை தானாகச் சாயும், அவள் தோல். படம் போல வருகிறது என்றேன். நான் வரச் சொல்வதில்லை என்றேன். ஒருநாளும் செய்ததில்லை, கை அசைந்தது கூட இல்லை, ஆனால் வருகிறது. அதனால்தான் தாழ் போட்டேன். அதனால்தான் குளிப்பாட்டவில்லை. பூனை இல்லை. தேநீரும் இல்லை. அதனால்தான் கரூர்.

தமயந்தி குழந்தையைத் தன் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். அந்த ஓர் அடியை நான் பார்த்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஊத்தணும்னு ஆசையா வருதா அண்ணி?"

"இல்ல. செத்துப் போயிடலாம் போல இருக்கு."

அவள் மெதுவாக, யாரிடமோ சண்டை போடுகிறவளைப் போலப் பேசினாள். "வியூ பாயிண்ட்ல சீசனுக்குக் கடை போட்டோமே, அப்ப அந்தக் கம்பிகிட்ட போனாலே குதிச்சிடுவோமோன்னு எனக்குக் காலு கூசும். பயந்துபோய்க் கம்பிக்கு முதுகு காட்டாமலே நின்னு வியாபாரம் பண்ணேன். முதலாளி, 'ஏம்மா, கஸ்டமரைப் பார்க்காம பள்ளத்தைப் பார்த்துத் தூள் விக்கிற?'ன்னு கேப்பாரு. குதிச்சேனா? இல்லல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா உங்களுது அதைவிடப் பெருசா இருக்கு அண்ணி. டாக்டரம்மாகிட்ட போவோம்."

"சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க தமா. நீதானே சொன்னே, உன் கடைப் பொண்ணோட அக்கா..."

அவள் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். தான் சொன்ன கதையை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறவள் போல இருந்தாள்.

"அதுக்காகவா இத்தனை நாளா..." என்றாள். "எனக்கு வாயில சூடு வைக்கணும் அண்ணி. நின்ன இடத்துல எதையாவது அளந்து விட்டுடறேன்."

வந்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். சுவரோடு இன்னும் ஒட்டினேன். "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வைத்தாள்.


ஜனவரி 11

நேற்று இரவு இவரிடம் தமயந்திதான் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். வாசலுக்குப் போய்ப் பனியில் நின்றுவிட்டு வந்தார். "பூனைன்னு சொன்னதை நம்பி வலை அடிச்சுக் கொடுத்தேன் பாரு" என்றார். குரல் உடைந்திருந்தது.

இன்று மறுபடியும் அதே டாக்டர். இப்போது ஜலதோஷம் இல்லை. முகம் முழுதாகத் தெரிந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. யாராவது செய்யச் சொல்வது போலக் குரல் கேட்கிறதா, குழந்தையைப் பற்றி விநோதமான நம்பிக்கை ஏதாவது வருகிறதா, செத்துவிடத் தோன்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் இரண்டுக்கும் இல்லை என்றேன். மூன்றாவதற்கு உண்மையைச் சொன்னேன்: சில நேரம்.

"நான் அவளை ஏதாவது செஞ்சிடுவேனா டாக்டர்?"

"இந்த நினைப்பு நிறைய அம்மாக்களுக்கு வருது. வெளிய சொல்ல மாட்டாங்க. நினைப்பு வந்ததும் நீங்க என்ன பண்றீங்க?"

"அவளைத் தூர வச்சிடறேன்."

"செய்ய நினைக்கிறவங்க தூர வைக்க மாட்டாங்க. இது வியாதி. பிரசவத்துக்கு அப்புறம் வர்றது, வைத்தியம் இருக்கு. ஊட்டியிலிருந்து மனநல டாக்டர் நாளைக்கு இங்க வர்றார், நானே பேசறேன். பால் கொடுத்துக்கிட்டே சாப்பிடற மாத்திரையும் இருக்கு. சில வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்ககூட எப்பவும் ஒருத்தர் இருக்கணும். குழந்தையை எங்கயும் அனுப்ப வேண்டாம்."

இவர் உடனே, "நான் லீவு போட்டுட்டேங்க" என்றார். போட்டாரா என்று தெரியாது. சொன்னார்.

எழுந்தபோது எனக்கு ஒரு சந்தேகம். படித்த புத்தி விடுவதில்லை. "அந்தத் தியனின்ல ஒண்ணுமே இல்லையா டாக்டர்?"

"இருக்கலாம். லேசான டென்ஷனுக்கு ஏதோ கொஞ்சம் உதவலாம்" என்றார். "நீங்க தூக்கிக்கிட்டிருந்தது அந்த அளவு இல்லம்மா."


ஜனவரி 13

காரை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பை மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் மூலையில் இருக்கிறது. அம்மா அண்ணிக்கு ஓர் ஆளைப் போட்டுவிட்டு நாளை மறுநாள் வருகிறாள்.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறேன். உடனே ஒன்றும் தெரியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். தெரியவில்லை.

சாயங்காலம் தமயந்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அண்ணி, சுக்குத் தண்ணி வைக்கப் போறேன். கெட்டிலைப் போடவா? பாப்பாவை வந்து வாங்கிக்கட்டுமா?"

தாரகை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். இவர் எதிரே உட்கார்ந்து குட்டிச் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார், ஊசியைப் பிடிக்கவே தெரியாமல். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போடு" என்றேன்.

இரைச்சல் ஆரம்பித்தது. வந்தது. வரும் என்று தெரியும், வந்தது. வியர்த்தது. தாரகை குடிப்பதை ஒரு நொடி நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் குடிக்க ஆரம்பித்தாள்.

கெட்டில் டக்கென்று அணைந்தது. அவள் என் மடியிலேயே இருந்தாள்.